உங்களுக்கு வராது என்று நான் சொன்ன இங்கிலீஷ்

என் அன்பு அத்தைக்கு,

இன்று கல்லறைத் திருநாள். ஸ்டெல்லா காலையிலேயே போய் உங்கள் கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, போனில் படம் அனுப்பியிருக்கிறாள். மழை தூறிக்கொண்டே இருந்ததாம். மெழுகுவத்தி நாலு தடவை அணைந்து போனதாம். "எங்கம்மா உசுரோட இருந்தப்பவும் ஒரு வேலைய நிம்மதியா செய்ய விட்டதில்ல, இப்பவும் அப்படித்தான்" என்று எழுதியிருக்கிறாள். உங்கள் மகளுக்கு அப்படியே உங்கள் வாய்.

நீங்கள் போய் மூன்று வருடம். அதில் இரண்டு கல்லறைத் திருநாளுக்கு நான் உங்கள் பக்கத்தில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஸ்டெல்லா கேட்டாள் என்று பங்குக் கோயில் மலருக்கும் அனுப்பப் போகிறேன். ஊரே படிக்கும். படிக்கட்டும். உங்களிடம் வீட்டுக்குள் வைத்து நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதை ஊர் முன்னால் சொல்வதுதான் நியாயம்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேத்தி ஜெனி திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் செலவு செய்கிறாள். உங்கள் மகன் அருள் இளைத்திருக்கிறார், அது அவருக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஏழு வருடம் குவைத்தில் கிடந்துவிட்டு வந்து, "இனிமே கடல தாண்ட மாட்டேன்ம்மா" என்று உங்கள் தலையில் கை வைத்துச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? தாண்டிவிட்டார். இந்தத் தடவை என்னையும் இழுத்துக்கொண்டு.

நாங்கள் இருப்பது கம்போடியா என்ற நாட்டில், பாட்டம்பாங் என்ற ஊரில். அருள் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் கம்பெனி, ரைஸ்மில் மெஷின்களை இப்போது உலகம் முழுக்க விற்கிறது. மெஷினோடு கூடவே அதை மாட்டிக் கொடுக்கவும், ரிப்பேர் பார்க்கவும் ஆள் அனுப்புகிறார்கள். மன்னார்குடி மில்லில் கை கறுக்க வேலை கற்ற மனிதர் இங்கே இன்ஜினியர் என்று அழைக்கப்படுகிறார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊர் உங்களுக்குப் பிடித்திருக்கும், பாதி பிடிக்காமலும் இருந்திருக்கும். எங்கே திரும்பினாலும் வயல். ஆனால் நாற்று விட்டு, பறித்து, வரிசை பிடித்து நடுவது குறைவு. கையால் வீசி விதைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாற்பது பெண்களை வயலில் இறக்கி, வரப்பில் நின்றுகொண்டு, ஒரு குத்து கோணலாக இருந்தாலும் பிடுங்கி நடச் சொன்ன ஆள் நீங்கள். "என்னடி இது, கோழிக்கு அரிசி எறியிற மாதிரி எறியிறாளுவ" என்று கேட்டிருப்பீர்கள்.

கருவேப்பிலை கிடைக்காது. அதற்காக முதல் மாதம் உண்மையிலேயே அழுதேன். மீனை உப்புப் போட்டு நொதிக்க வைத்து ஒரு விழுது விற்கிறார்கள். அதன் வாசனை தெருமுனையிலேயே வரவேற்கும். நாகப்பட்டினத்துக் கருவாட்டுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களிடம் திட்டு வாங்கிய நான், இப்போது அந்த விழுதைப் போட்டுக் குழம்பு வைக்கிறேன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும்.

இன்னொரு வேடிக்கை. இவர்கள் பாஷைக்கு இவர்கள் சொல்லும் பெயரே "பியாசா." பள்ளிக்கூடம் "சாலா." முகத்துக்கு "முக்." டீச்சரைக் "க்ரூ" என்கிறார்கள், நம்முடைய குருதான். பெரியம்மா முறை ஆகிறவர்களை "ஓம்" என்று கூப்பிடுகிறார்கள். முதல் தடவை சந்தையில் ஒருத்தி இன்னொருத்தியை "ஓம், ஓம்" என்று அழைத்தபோது, ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்து நான் ஒதுங்கி நின்றேன்.

ஆனால் முதல் மூன்று மாதம் இப்படிச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை, அத்தை. பதினாறு வருடம் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். காலை ஏழு மணி வேன், அறுபது பிள்ளைகள், தொண்டை கிழியக் கத்துவது. அதை விட்டால் போதும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தவள்தான் நான். விட்ட பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. அருள் மில்லுக்குப் போய்விடுவார். நான் தரையைத் துடைப்பேன். மத்தியானம் மறுபடியும் அதே தரையைத் துடைப்பேன். என் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது.

மில் ஆபீஸில் கணக்கெழுதும் சொபீப் என்ற பெண்தான் ஒரு நாள் கேட்டாள். "இங்க கோயிலுக்குப் பின்னாடி ஒரு கொட்டகை சும்மா கிடக்கு. எங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் வேணும். நீங்க சொல்லித் தருவீங்களா? சம்பளம் கிடையாது." அவள் இங்கிலீஷில் கேட்டதை நான் இப்படித் தமிழில் எழுதுகிறேன். அவள் பேசி முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தரை துடைக்கவில்லை.

முதல் நாள் முப்பது பேர் வந்தார்கள். ஓட்டலில் வேலை பார்ப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், துணிக்கடைக்காரிகள். நான் உங்களுக்குப் பிடித்த அந்தப் பச்சைச் சுங்கடிப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்கள். ஒருவர் சொபீப்பிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் சிவந்துவிட்டது. என்ன கேட்டார் என்று நான் வற்புறுத்தியதும் சொன்னாள்: "வெள்ளைக்கார டீச்சர் எப்ப வருவாங்கன்னு கேக்குறாரு."

இரண்டாவது நாள் பதினொரு பேர். அடுத்த வாரம் ஆறு பேர்.

வீட்டுக்கு வந்து அருளிடம் சொல்லி அழுதேன். உங்கள் மகன் ஆறுதல் சொல்லும் அழகு உங்களுக்குத் தெரியுமே. முதலில் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, "நம்ம மெஷின பாத்தும் இப்படித்தான் கேட்டாங்க, ஜப்பான் மெஷின் எப்ப வரும்னு. ஓட்டிக் காட்டுனேன். இப்ப கேக்குறதில்ல" என்றார். நான் என்ன மெஷினா என்று சண்டை போட்டேன். ஆனால் மறுநாள் போனேன்.

அந்த ஆறு பேரோடு ஏழாவது ஆளாக வந்தவர்தான் சந்தா. ஐம்பதை நெருங்கும் வயது. தலையில் கட்டம் போட்ட துண்டு. எங்கள் கொட்டகைப் பெஞ்சை நம்பாமல், கையோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்திருந்தார். சந்தையில் அரிசிச் சேமியா விற்கிறவர். நம் இடியாப்பமேதான் அத்தை, மேலே மீன் குழம்பு ஊற்றித் தருவார்கள். அவர் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடத்தில் இந்த நாட்டில் ஆட்சியைப் பிடித்தவர்கள் எல்லாப் பள்ளிக்கூடங்களையும் மூடிவிட்டு, பிள்ளைகளையும் வயலில் இறக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதற்கு மேல் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

வந்த அன்றைக்கே சொபீப்பை வைத்துக்கொண்டு பேரம் பேசினார். "எனக்கு முழு இங்கிலீஷ் வேணாம். மூணு வாக்கியம் போதும்."

"எந்த மூணு?" என்றேன்.

அவருடைய ஒரே மகள் நாரி ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனவள். அங்கே ஒரு எலக்ட்ரீசியனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். ஏப்ரலில் இவர்கள் வருடப்பிறப்பு வருகிறது. நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்கள்தான். அப்போது அவனை அழைத்துக்கொண்டு வருகிறாள். வருங்கால மருமகனிடம் சந்தா மூன்று விஷயம் பேச வேண்டும். ஒன்று, நீ குடிப்பாயா? இரண்டு, என் மகளுக்குச் சட்டென்று கோபம் வரும், அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிரு, சரியாகிவிடும். மூன்று, வருடத்துக்கு ஒரு தடவை அவளை என்னிடம் கூட்டிக்கொண்டு வா.

"உங்க மக மொழிபெயர்த்துச் சொல்லுவாளே?" என்றேன்.

"சொல்லுவா. அவளுக்கு வேண்டியத மட்டும் சொல்லுவா" என்றார் சந்தா.

எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆனால் பாடம் நடக்கவில்லை, அத்தை. நான் பதினாறு வருடம் நடத்திய அதே பாடத்தை நடத்தினேன். எழுத்து, பிறகு சொல், பிறகு வாக்கியம், போர்டைப் பார்த்துச் சேர்ந்து படி. இவர்கள் பேச்சில் சொல்லின் கடைசி எழுத்து பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். "டாட்டர்" என்பது சந்தாவின் வாயில் "தோட்டா" என்று வந்தது. அருளிடம் சொன்னேன். "கோவக்காரப் பொண்ணுன்னுதானே சொன்னே? பொருத்தமாத்தான் இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வாரம் ஆயிற்று. சந்தாவுக்கு ஒரு வாக்கியம் கூட நிற்கவில்லை. இன்று சொல்வது நாளைக்கு இருக்காது.

ஒரு மாலை, நல்ல புழுக்கம். "மை டாட்டர்" என்பதையே இருபது தடவை சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. சாக்பீஸைக் கீழே வைத்தேன். என்னை அறியாமல் தமிழில் வந்தது: "விடுங்க, உங்களுக்கு இது வராது."

சந்தாவுக்குப் புரியவில்லை. புதுப் பாடம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே, "விடுங்க" என்று திருப்பிச் சொன்னார்.

நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன், அத்தை. அதே வார்த்தை. அதே வரிசையில். உங்களிடம் சொன்னது.

ஊருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அருள் குவைத்தில் இருந்த காலம். போன் பூத்தில் மூன்று நிமிஷம் பேசுவதற்கு ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற காலம். நீங்கள் முதியோர் வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்று, மகனுக்கு உங்கள் கையாலேயே கடிதம் எழுதினீர்கள். உறையின் மேல் விலாசம் மட்டும் இங்கிலீஷில் நான் எழுதுவேன். ஒரு நாள் நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "உள்ள இருக்குறது என் எழுத்து. மேல இருக்குறதும் என் எழுத்தா இருந்தா, அவன் கையில வாங்குறப்பவே தெரியுமுல்ல? எனக்குச் சொல்லிக் குடேன் ரெஜினா."

சொல்லிக் கொடுத்தேன். நாலு நாளோ ஐந்து நாளோ. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, ஜெனிக்குச் சோறூட்டிக்கொண்டே, ஒரு கண்ணால் உங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டு. உங்களுக்கு K இடதும் வலதுமாகத் திரும்பித் திரும்பி நின்றது. கடைசி நாள் பென்சிலை உங்கள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "விடுங்க அத்தை, உங்களுக்கு இது வராது" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. ஊரே பயப்படும் வாய் உங்களுடையது. "சரிம்மா. முருங்கைக்கீரை உருவி வச்சிருக்கேன், அடுப்புல போடு" என்று எழுந்து போனீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை.

நீங்கள் இருந்தவரை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் நேரம் இருந்தது. ஏன் கேட்கவில்லை? மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்ததால்தான் கேட்கவில்லை.

மறுநாள் மாலை வகுப்புக்குக் காத்திராமல், காலையிலேயே நான் சந்தைக்குப் போனேன். வகுப்பில் வாயைத் திறக்கப் பயந்த சந்தா, கடையில் வேறு ஆள். ஒரு கையால் சேமியாவை அள்ளி, மறு கையால் குழம்பை ஊற்றி, பக்கத்துக் கடைக்காரியைத் திட்டி, எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்ற உங்களைப் பார்ப்பது போலவே இருந்தது. இவருக்கா வராது?

அந்த நேரம் சுற்றுலா வந்த ஒரு பெண் கடையில் நின்று, கடகடவென்று இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். சந்தாவின் கை அப்படியே நின்றது, முகம் வாடிவிட்டது. அந்தப் பெண் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுத்திலிருந்து ஆரம்பித்தது தப்பு. இவருக்கு முதலில் வேண்டியது இரண்டே சொல். அங்கேயே, ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். "ஸ்லோலி. அகெய்ன்." மெதுவாகச் சொல். இன்னொரு தடவை சொல்.

சந்தா சந்தேகத்தோடு கேட்டார்: "அப்படிக் கேட்டா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

அதற்குள் எனக்குக் கொஞ்சம் இவர்கள் பாஷை வந்திருந்தது. "கோவிச்சுக்கிட்டா அது அவங்க தப்பு. உங்க தப்பு இல்ல" என்றேன்.

அன்றிலிருந்து வகுப்பு சந்தையில். காலை வியாபாரம் முடிந்ததும் கடை முன்னாலேயே உட்கார்ந்துவிடுவோம். ஹாட், சிட், ஈட், மோர் என்று ஆரம்பித்தோம். காரம் கொட்டினால் ஆங்க்ரி. அடுப்பைக் குறைத்தால் கொயட். சந்தா கையில் பிடித்துப் பார்த்த சொல் எதுவும் மறக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். முதல் நாளில் வெள்ளைக்கார டீச்சரைக் கேட்ட அந்த ஆள் ஒரு நாள் வந்து, இரண்டு கிண்ணம் சேமியா சாப்பிட்டுவிட்டு, கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்றைக்கு இருபத்தாறு பேர், அத்தை. கடைக்காரர்கள் பாதி, மற்றவர்கள் பாதி.

ஏப்ரல் வந்தது. நாரி வந்தாள், கூடவே அவன். பெயர் கிரெக். அவன் உயரத்துக்குச் சந்தைத் தகரக் கூரை போதவில்லை, குனிந்தே நின்றான். செம்பட்டை நிறத்தில் தாடி. நல்ல பையனாகத்தான் தெரிந்தான். சந்தா என்னை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பு. நாரி ஏதோ மொழிபெயர்க்க ஆரம்பித்ததும் குழம்புக் கரண்டியைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"டூ யூ டிரிங்க்?" என்றார், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

மாப்பிள்ளை என்று தனக்கு ஏதோ குடிக்கத் தரப் போகிறார்கள் என்று அவன் நினைத்து, "எஸ், தேங்க்யூ" என்றான். சந்தைப் பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

நல்லவேளை, நாரி அவன் காதில் சொன்னாள். அவன் முகமெல்லாம் சிவந்து, ஏதேதோ சொன்னான். நான் இங்கிலீஷ் எம்.ஏ. சத்தியமாக எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆஸ்திரேலியாக்காரர்கள் பேசுகிற இங்கிலீஷை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் "நோ வரீஸ், நோ வரீஸ்" என்பது மட்டும் காதில் விழுந்தது. கவலைப்படாதீர்கள் என்கிறான். சந்தாவுக்கு "வரி" என்ற சொல் தெரியும். மகளை நினைத்து "ஐ வரி" என்று சொல்ல அவரே கேட்டுக் கற்றுக்கொண்டது. அவர் பதறிப்போய், "வாட் வரி?" என்றார். அவன் மறுபடியும் "நோ வரீஸ்" என்றான். "வாட் வரி?" என்று இவர் இன்னும் பதறினார். எனக்கு வாய் துடித்தது. ஆனால் கரண்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அப்போது சந்தா கரண்டியைக் கீழே வைத்தார். ஸ்டூலைக் காட்டினார். "சிட்" என்றார். அவன் உட்கார்ந்தான். அந்தச் சின்ன ஸ்டூலில் அவன் முழங்கால் தோள் வரை வந்தது. இவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மை டாட்டர், ஆங்க்ரி. ஃபாஸ்ட். யூ, கொயட். ஹாஃப் அவர்." இந்த முறை டாட்டர் டாட்டராகவே வந்தது. அவன் நாரியைப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினான். பிறகு இவர் மூன்றாவதைச் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "எவ்ரி இயர். ஒன் டைம். பிரிங் ஹர்."

அவன் மறுபடியும் வேகமாக ஏதோ சொன்னான்.

சந்தா கையை உயர்த்தினார். "ஸ்லோலி" என்றார். "அகெய்ன்."

அந்தப் பையன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்வது போல இல்லாமல், மாமியாருக்குச் சொல்வது போலவே சொன்னான். "எவ்ரி இயர். ஐ பிரிங் ஹர். ஐ ப்ராமிஸ்."

"ப்ராமிஸ்" நான் சொல்லிக் கொடுக்காத சொல். சந்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மட்டும் எனக்குப் பேச அனுமதி கிடைத்தது. அர்த்தம் சொன்னேன். அவர் எழுந்து போய், அவனுக்கு ஒரு கிண்ணம் சேமியா போட்டு, மேலே குழம்பை வழிய வழிய ஊற்றினார்.

அன்றைக்கு மத்தியானம் மில்லிலிருந்து அருள் என்னை அழைத்துப் போக ஸ்கூட்டரில் வந்தார். வழியில் கரும்புச்சாறு கடையில் நிறுத்தினோம். நடந்ததெல்லாம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டேன். உங்களிடம் நான் சொன்ன வார்த்தையை அன்றைக்குத்தான் அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் மறைத்தது அது ஒன்றுதான். "உங்க அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த விலாசத்த எழுத முடியாமலே போச்சு, என்னாலதான்" என்றேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எழுதுனாங்களே" என்றார்.

"என்ன எழுதுனாங்க?"

"வெலாசந்தான். குவைத்துக்கு மூணு கடிதாசி அம்மா எழுத்துல வெலாசம் போட்டு வந்துச்சு. K திரும்பிக்கிட்டு நின்னுச்சு. தபால்காரன் எப்படிக் கண்டுபிடிச்சான்னு தெரியல, வந்து சேந்துருச்சு."

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"பால்வாடி லில்லி டீச்சர். காலையில புள்ளைங்களோட போயி உக்காந்து, சிலேட்டுல எழுதிக் கத்துக்கிட்டாங்களாம். புள்ளைங்களுக்குக் குடுக்குற சத்துமாவு உருண்டைய அம்மாவுக்கும் ஒண்ணு குடுத்தாங்களாம். கடிதாசியில எழுதியிருந்தாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் எழுதியிருந்தாங்க. 'ரெஜினா பள்ளிக்கூடத்துல நாள் முழுக்கக் கத்திட்டு வந்து, களைச்சுப் போயி ஒரு வார்த்தை சொல்லிருச்சு. நான் கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா அதுக்குச் சங்கடமா இருக்கும். நீயும் சொல்லாதே'ன்னு. நானும் சொல்லல. அப்புறம் மறந்தே போச்சு."

மறந்தே போச்சாம், அத்தை. இந்த மனிதரைப் பெற்றதற்கு உங்களைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கடிதங்கள் எங்கே என்றால், குவைத்தில் அறை மாறும்போது போய்விட்டதாம். அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். அந்த நாட்களிலும் நீங்கள் மற்றக் கடிதங்களின் உறையை என்னிடம்தான் நீட்டினீர்கள். "வெலாசத்த எழுதும்மா" என்பீர்கள். நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்போது மனதுக்குள் சிரித்தீர்களா? என் K-யைப் பார்த்து, நம்முடையது தேவலை என்று நினைத்தீர்களா? நடவுக்காரிகளோடு வரப்பில் நிற்கும் உங்களை எனக்குத் தெரியும். நாலு வயதுப் பிள்ளைகளோடு கால் மடக்கி உட்கார்ந்து, உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு எழுதும் உங்களை நான் பார்க்காமல் போய்விட்டேன்.

அன்றிலிருந்து மனசு லேசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். செய்தது செய்ததுதான். ஆனால் என் வார்த்தையால் உங்களை நிறுத்த முடியவில்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. நீங்கள் அவ்வளவு சின்ன ஆள் இல்லை.

இன்னும் ஒரு சேதி, நீங்கள் கோபப்படக் கூடாது. போன மாதம் இங்கே செத்தவர்களுக்கான பண்டிகை வந்தது. பதினைந்து நாள். சோற்றை உருண்டை பிடித்துக் கோயிலில் வைக்கிறார்கள். நம் ஊரில் ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் வைப்பார்களே, அந்தப் பிண்டம்தான். பெயரே "பென்" என்கிறார்கள். சந்தா என்னையும் அழைத்துப் போனார். இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் புத்த பிட்சுகள் உரக்கப் படிக்கிறார்கள். சந்தா அங்கே எழுதிக் கொடுக்கும் ஆளிடம் தன் வீட்டுப் பட்டியலை எழுதச் சொன்னார். பதினேழு பெயர். பாதிப் பேர், பள்ளிக்கூடங்களை மூடிய அந்தக் காலத்தில், ஒரே வருடத்தில் போனவர்கள். எல்லாம் எழுதி முடித்ததும், "உன் மாமியார் பேரு என்ன?" என்றார்.

அதையும் எழுத வைத்தார். வயதான பிட்சு ஒருவர் சரளமாகப் படித்துக்கொண்டே வந்து, உங்கள் பெயரில் முட்டி நின்றார். "அன்... தோனி..." என்று மூன்று தடவை முயன்றார். பின்னால் உட்கார்ந்திருந்த நூறு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் "அந்தோணியம்மா" என்று சரியாகவே சொல்லிவிட்டார். இதற்கு ஊருக்கு வந்தபின் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா என்று பங்குச் சாமியாரிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க மாமியாருக்கு எத்தன எடத்துல வேண்டுதல் நடந்தாலும் தாங்கும்மா" என்றார்.

இப்போது நானும் மாணவி. சந்தாவிடம் இவர்கள் எழுத்தைக் கற்கிறேன். மெய்யெழுத்தே முப்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு கொண்டை, காலில் ஒரு கொலுசு. எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. சந்தா கடுமையான வாத்தியார், மேஜையைத் தட்டுவார். ஆனால் வராது என்று இதுவரை ஒரு தடவையும் சொல்லவில்லை.

அருளின் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். நீட்டிக்கச் சொன்னதே நான்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

மே மாதம் லீவுக்கு வருகிறோம், அத்தை. இது என் வாக்கு. வந்து இறங்கியதும் முதலில் லில்லி டீச்சர் வீட்டுக்குப் போவேன், நீங்கள் எத்தனை நாள் வந்தீர்கள், எத்தனை உருண்டை சாப்பிட்டீர்கள், முழுக் கதையும் கேட்பேன். அப்புறம் நேரே உங்களிடம் வருவேன். பூ, மெழுகுவத்தி எல்லாம் ஸ்டெல்லா கொண்டுவரட்டும். நான் சண்டை போட வருகிறேன். மகனும் தாயும் சேர்ந்துகொண்டு இத்தனை வருடம் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தீர்களே, அதை அப்படியே விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் முன்னால் எதிர்த்துப் பேச எனக்கு என்றைக்குமே தைரியம் வந்ததில்லை. இந்தத் தடவை பேசுவேன். நீங்கள் சும்மாப் படுத்திருந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்களைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இங்கிலீஷ் தெரிந்த,
உங்கள் மருமகள்
ரெஜினா